சதீஷ் சிவலிங்கத்தின் பாரக் கணக்கு

(தீவக இளைஞர்களிடையே நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வேலூர் என்றால் எங்கள் சனத்துக்கு ஆஸ்பத்திரிதான். இருதய வருத்தம், சிறுநீரக வருத்தம் என்று வந்தால் நகையை ஈடு வைத்தாவது ஆளைக் கூட்டிக்கொண்டு சி.எம்.சி.க்குப் போய்வந்த குடும்பங்கள் வேலணையிலும் உண்டு, புங்குடுதீவிலும் உண்டு. அதே வேலூரில், சென்னையிலிருந்து பெங்களூர் போகும் நெடுஞ்சாலையோரம், சத்துவாச்சாரி என்றொரு பகுதி இருக்கிறது. மருந்துச்சீட்டோடு போனவர்கள் பஸ்ஸில் அதைக் கடந்திருப்பார்கள். இறங்கிப் பார்த்திருக்க மாட்டார்கள். பளுதூக்குகிறவர்களுக்குப் பேர்போன இடம் அது. சதீஷ் சிவலிங்கம் அந்த இடத்துப் பிள்ளை.

1992 ஆம் ஆண்டு ஜூன் 23 இல் பிறந்தவர். 77 கிலோ எடைப்பிரிவு. 2014 இல் கிளாஸ்கோவிலும் 2018 இல் கோல்ட் கோஸ்ட்டிலும் நடந்த பொதுநலவாய விளையாட்டு விழாக்களில் தங்கப்பதக்கம். 2015 இல் இந்திய அரசின் அர்ஜுனா விருது. நடுவில் 2016 இல் ரியோ ஒலிம்பிக். பாராட்டுக் கூட்டம் என்றால் இந்த நாலு வரியை வாசித்துப் பொன்னாடை போர்த்திவிட்டுப் போகலாம். ஆனால் இந்த நாலு வரிக்குள்ளே சில எண்கள் ஒன்றோடொன்று முரண்டுபிடித்துக்கொண்டு நிற்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்ப்பதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன்.

2014 ஜூலை 27, கிளாஸ்கோ. மேடையிலே ஒரு பார் கிடக்கிறது. ஆண்களுக்கான பார் வெறுமையாகவே 20 கிலோ. வட்டுகள் கழன்றுவிடாமல் இரண்டு முனையிலும் இறுக்கும் கவ்விகள் இரண்டரைப்படி 5 கிலோ. ஒவ்வொரு பக்கமும் 25 கிலோ சிவப்பு வட்டு இரண்டு, 10 கிலோ பச்சை ஒன்று, கடைசியில் 2 கிலோ நீலம் ஒன்று. கூட்டிப் பாருங்கள், 149 கிலோ. ஸ்னெச் முறையில் சதீஷ் அதைத் தூக்கினார். அந்த விழாவின் சாதனை அது. பிறகு, முதலில் தோளுக்கும் அங்கிருந்து தலைக்கு மேலும் தூக்குகிற கிளீன் அன்ட் ஜேர்க் முறையில் 179. மொத்தம் 328.

எண்ணாகச் சொன்னால் உறைக்காது. குறிகட்டுவான் துறையில் நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் சீமெந்து ஏற்றுவதை நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஒரு பை 50 கிலோ. 149 என்பது மூன்று பைக்கு ஒரே ஒரு கிலோ குறைவு. 179 என்பது மூன்றரைப் பைக்கு மேலே இன்னுமொரு நாலு கிலோ. தூக்கியவரின் சொந்தப் பாரம் 77 கிலோவுக்குள்.

துறையில் வேலை செய்கிற எங்கள் ஆட்களுக்குப் பலம் குறைவென்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கே இன்னொருவர் பையைத் தூக்கித் தோளில் வைத்துவிடுகிறார். அதற்குப் பிறகு நடைதான். ஸ்னெச்சில் வைத்துவிட ஆள் இல்லை. நிலத்திலிருந்து தலைக்கு மேலே ஒரே மூச்சில், ஒரே அசைவில் போகவேண்டும். அதெப்படி முடிகிறது என்று உற்றுப் பார்த்தால்தான் இந்த விளையாட்டின் சூட்சுமம் விளங்கும். கைகளை நன்றாக அகட்டிப் பிடிக்கிறார். நாரி வளையக்கூடாது. பார் கணைக்காலோடு உரசிக்கொண்டு மேலே வருகிறது. முழங்காலைத் தாண்டும்வரை அவசரமே இல்லை. தாண்டியதும் தொடையும் இடுப்பும் ஒரேயடியாக நிமிர்கின்றன. அந்த உதைப்பில் பார் வயிற்றளவுக்குத்தான் எழும்பும், நெஞ்சைத் தாண்டினால் பெரிய விஷயம். 149 கிலோவைக் கையால் இழுத்து உச்சந்தலைக்கு மேலே கொண்டுபோக எந்த மனிதனாலும் ஆகாது. அதனால் பார் காற்றில் நிற்கிற அந்தக் கண நேரத்தில் அவர் அதற்குக் கீழே போய்க் குந்துகிறார். முழங்கை மடியாமல் பாரைத் தாங்கிக்கொண்டு, குந்திய நிலையிலிருந்து எழும்புகிறார். நடுவர்கள் மூவர். அவர்கள் இறக்கச் சொல்லும்வரை ஆடாமல் நிற்கவேண்டும். முழங்கை கொஞ்சம் மடிந்து நிமிர்ந்தாலும் சிவப்பு விளக்குத்தான்.

பாருக்குக் கீழே போகப் பயப்படாமல் இருக்க ஒரு உடம்பைப் பழக்குவதற்குப் பல வருடங்கள் வேண்டும். அந்த வருடங்களை யார் கொடுத்தது? சதீஷின் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

தகப்பனார் சிவலிங்கம் இராணுவத்தில் இருந்தவர். அவரும் பளுதூக்கியவர், தேசியப் போட்டிகளில் பதக்கம் வாங்கியவர். இராணுவத்திலிருந்து வந்தபின் வேலூரிலுள்ள வி.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் காவலாளியாக வேலை பார்த்தார். மகன் கிளாஸ்கோவில் ஜெயித்தபோது பத்திரிகைகள் இந்தக் காவலாளி வேலையைத்தான் பெரிதாகப் போட்டன. ஏழைத் தகப்பன், தங்க மகன் என்று எழுதினால் வாசிக்கிறவர் கண் கலங்கும் அல்லவா? எனக்கென்னவோ அவர் ஏழை என்பதைவிட, அவருக்கு ஸ்னெச் தெரியும் என்பதுதான் பெரிய செய்தி. வீட்டுக்குள்ளேயே வாத்தியார். கொஞ்ச தூரத்தில் ஒரு பயிற்சிக்கூடம். அந்தக் கூடத்தில் இவருக்கு முந்திப் பழகிய அண்ணன்மார். பெரிய பணக்காரர் வீட்டில் பிறந்திருந்தாலும் இந்த மூன்றும் ஒன்றாகக் கிடைத்திருக்காது.

முந்திப் பழகியவர்கள் என்று சொன்னேன். தமிழர் பளுதூக்கலில் பேர் எடுத்தது சதீஷோடு தொடங்கியதல்ல. 1978 இல் கனடாவின் எட்மன்டனில் நடந்த பொதுநலவாய விளையாட்டில் 52 கிலோப் பிரிவில் ஏகாம்பரம் கருணாகரன் தங்கம் வென்றார். 56 கிலோப் பிரிவில் எம். தமிழ்ச்செல்வனுக்கு வெள்ளி. அந்தப் பிரிவில் தங்கம் யாருக்கு என்று கேட்டால் கதை இன்னும் சுவைக்கும். பிரெஷஸ் மெக்கென்சி என்ற குள்ள மனிதர், ஐந்தடிகூட இல்லை. தென்னாபிரிக்காவின் டேர்பனில் பிறந்தவர். தோலின் நிறத்தைக் காரணம் காட்டி அந்த நாடு அவரை மேடைக்கு விடவில்லை. அவர் இங்கிலாந்துக்குப் போய் 1966, 1970, 1974 என்று மூன்று தங்கம் வென்றார். பிறகு நியூசிலாந்துக்குக் குடிபெயர்ந்து, எட்மன்டனில் நாலாவது தங்கத்தையும் வாங்கிக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 42. ஊரை விட்டுப் போய் வேற்று நாட்டுக் கொடிக்குக் கீழே நிற்கவேண்டி வந்தவரின் பாடு எப்படியிருக்கும் என்று தீவகத்தாருக்கு நான் விளக்கவேண்டியதில்லை. அந்த மனிதருக்கு அடுத்த இடத்தில்தான் எங்கள் தமிழ்ச்செல்வன் நின்றார்.

சதீஷுக்கு இன்னொன்றும் கிடைத்தது: உத்தியோகம். தென்னக ரயில்வேயில் எழுதுவினைஞர். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆட்களை எடுத்து, பயிற்சிக்கும் போட்டிக்கும் போக விட்டு, மாதக் கடைசியில் சம்பளமும் கொடுக்கிற நிறுவனம் அது. கிளாஸ்கோ தங்கத்துக்காகத் தமிழ்நாட்டு முதலமைச்சர் ஜெயலலிதா 50 லட்சம் ரூபா அறிவித்தார். அது பெரிய தொகைதான். ஆனால் பரிசு பதக்கத்துக்குப் பிறகு வருவது. சம்பளம் பதக்கத்துக்கு முன்பே வருவது. இருபது வயதுப் பெடியன் ஒரு நாளைக்கு இரண்டு வேளை பாரம் தூக்கவேண்டும், அதற்கேற்ற முட்டையும் இறைச்சியும் மீனும் சாப்பிடவேண்டும், மத்தியானம் நித்திரை கொள்ளவேண்டும். அந்த வயதில் எங்கள் வீடுகளில் கேட்கிற கேள்வி என்ன? "எப்ப தம்பி உழைக்கப் போறாய்?" அந்தக் கேள்விக்கு ரயில்வே பதில் சொன்னது. எங்கள் நாட்டில் அந்தப் பதிலைச் சொல்லக்கூடியவை பெரும்பாலும் முப்படைகளின் விளையாட்டுக் கழகங்கள்தான். வடக்கிலே ஒரு பெடியனுக்கோ பெட்டைக்கோ அது எவ்வளவு தூரத்தில் இருக்கிற கதவு என்பது இந்த மண்டபத்தில் எல்லாருக்கும் தெரியும். மேலே போகிறேன்.

இப்போது அந்த முரண்டுபிடிக்கும் எண்களுக்கு வருவோம்.

கிளாஸ்கோவில் 328 கிலோ, தங்கம். ரியோ ஒலிம்பிக்கில் ஸ்னெச் 148, கிளீன் அன்ட் ஜேர்க் 181, மொத்தம் 329. அதாவது கிளாஸ்கோவைவிட ஒரு கிலோ கூட. கிடைத்த இடம் பதினொன்று. ஊருக்குத் திரும்பினபோது மேளதாளம் இருந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள். மேடையில் அவர் செய்த வேலை முன்னதைவிடத் திறம். ஆனால் உலகம் அதைத் தோல்வி என்று எழுதியது.

ரியோவில் அந்தப் பிரிவில் முதலிரண்டு பேரும் தூக்கியது 379 கிலோ. கசகஸ்தானின் நிஜாத் ரஹிமோவுக்கும் சீனாவின் லூ சியாவோஜுனுக்கும் ஒரே தொகை. அன்றைய விதிப்படி உடற்பாரம் குறைந்தவர் முந்தினார், தங்கம் ரஹிமோவுக்குப் போனது. ஆறு வருடம் கழித்து 2022 இல், ஊக்கமருந்துச் சோதனைக்குக் கொடுத்த சிறுநீரை மாற்றிய குற்றத்துக்காக ரஹிமோவின் முடிவு நீக்கப்பட்டது. தங்கம் லூவுக்கு வந்தது. பளுதூக்கலுக்கு இந்த அழுக்கு நெடுநாளாக உண்டு. அதை மறைத்துவிட்டு இந்த விளையாட்டைப் பற்றி உங்களிடம் பேசுவது நேர்மையல்ல. ஆனாலும் லூவும் 379 தூக்கினார் என்பதை மறக்கக்கூடாது. 379க்கும் 329க்கும் இடையில் 50 கிலோ. சரியாக ஒரு சீமெந்துப் பை. பொதுநலவாய நாடுகளின் வெற்றியாளருக்கும் உலகத்தின் உச்சிக்கும் நடுவில் கிடந்த தூரம் அது.

அடுத்து கோல்ட் கோஸ்ட், 2018 ஏப்ரல் 7. அதற்கு முன்னர் நடந்த தேசியப் போட்டியில் 194 கிலோவைக் கிளீன் அன்ட் ஜேர்க் செய்யப் போய் சதீஷின் தொடைத்தசை பழுதாகிவிட்டது. முழுதாகக் குணமாகாத காலோடுதான் அவுஸ்திரேலியாவுக்குப் போனார். பதக்க நம்பிக்கையே இருக்கவில்லை என்று பின்னர் அவரே பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். ஸ்னெச்சில் 144. இங்கிலாந்தின் ஜாக் ஒலிவர் 145 தூக்கி ஒரு கிலோ முன்னுக்கு நின்றார். கிளீன் அன்ட் ஜேர்க்கில் சதீஷ் 173 வரை போனார். ஒலிவர் 171க்கு இரண்டு தரம் முயன்றார், இரண்டு தரமும் பார் விழுந்தது. அதோடு தங்கம் உறுதி. சதீஷுக்கு இன்னும் ஒரு முயற்சி மிச்சம் இருந்தது. அதை எடுக்காமலே விட்டுவிட்டார்.

அந்த எடுக்காத முயற்சியை நான் 149ஐவிட மேலாக மதிக்கிறேன். ஆயிரக்கணக்கானவர்கள் கைதட்டும்போது, கையில் ஒரு முயற்சி இருக்கும்போது, "போதும்" என்று சொல்ல இருபத்தைந்து வயதில் எத்தனை பேருக்கு மனம் வரும்? பழுதான தொடை அடுத்த வருடத்துக்கும் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மொத்தம் 317. இந்த 317ஐ ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கிளாஸ்கோவில் இரண்டாமிடம் வந்தவர் ஒடிசாவைச் சேர்ந்த ரவிக்குமார் கட்டுலு. 2010 டெல்லி விழாவில் 69 கிலோப் பிரிவில் தங்கம் வென்ற பெரிய கை. கிளாஸ்கோவில் அவர் தூக்கிய மொத்தமும் 317தான். அன்றைக்கு வெள்ளி வாங்கிக் கொடுத்த எண், நாலு வருடம் கழித்து அதே பிரிவில் தங்கம் வாங்கிக் கொடுத்தது. எண் மாறவில்லை, அன்றன்று எதிரில் நின்றவர்கள்தான் மாறினார்கள். ஆகவே பதக்கப் பட்டியலை மட்டும் பார்த்து ஒரு வீரரின் உயரத்தை அளக்காதீர்கள். சதீஷின் இந்த மூன்று மேடைகளில் ஆகத் திறமானது பதக்கமில்லாத அந்த ரியோதான் என்பது என் அபிப்பிராயம். உடன்படாதவர்கள் பிறகு கேட்கலாம்.

எந்த முயற்சிக்கு எத்தனை கிலோ கேட்பது என்பதே ஒரு கலை. ஸ்னெச்சுக்கு மூன்று, கிளீன் அன்ட் ஜேர்க்குக்கு மூன்று. பேர் கூப்பிட்டால் ஒரு நிமிடம். அடுத்தடுத்து ஒருவரே வந்தால் இரண்டு நிமிடம். அதற்குள் எதிராளியின் நிலை, தன் தொடையின் நிலை, பாரில் ஏற்றவேண்டிய கிலோ எல்லாவற்றையும் கணக்குப் பார்க்கவேண்டும். 2000 ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் கர்ணம் மல்லேஸ்வரி ஸ்னெச்சில் 110, அடுத்ததில் 130 தூக்கிவிட்டார். மேலே நின்ற இருவரின் மொத்தமும் 242.5. கடைசி முயற்சிக்கு 132.5 கேட்டுத் தூக்கியிருந்தால் அவரும் அதே மொத்தத்துக்கு வந்திருப்பார். எல்லாரையும் தாண்டிவிட 137.5 கேட்டார்கள். பார் விழுந்தது, 240 கிலோவோடு வெண்கலம். ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண் என்ற பேர் அவருக்கு என்றைக்கும் உண்டு. அந்த ஐந்து கிலோவும் அவரோடு கூடவே வரும்.

கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும், பயிற்சிக்குப் போய்ச் சேருவதே இன்னொரு பாடு. மணிப்பூரின் மீராபாய் சானுவைப் பற்றி இங்கே பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் 49 கிலோப் பிரிவில் 202 கிலோ தூக்கி வெள்ளி. சின்ன வயதில் அண்ணன் தூக்கமுடியாத விறகுக்கட்டை இவர் தூக்கினார் என்ற கதையை எல்லாப் பத்திரிகையும் எழுதின. விறகு சுமக்கிற பிள்ளைகள் எங்கள் தீவுகளிலும் இருந்தார்கள். எனக்குப் பிடித்தது வேறு கதை. வீட்டிலிருந்து இம்பாலிலுள்ள பயிற்சி நிலையத்துக்கு இருபது கிலோமீற்றருக்கு மேல். பஸ்ஸுக்குக் காசு இல்லாத நாட்களில் அந்தப் பக்கமாக மணல் ஏற்றிப்போன லொறிக்காரர்கள் காசு வாங்காமல் ஏற்றிப்போய் விட்டார்கள். பதக்கத்தோடு வந்ததும் அவர் அந்த லொறிச் சாரதிகளைத் தேடிப்பிடித்து, கூப்பிட்டு, சாப்பாடு போட்டார். விறகு பலத்தைக் கொடுத்திருக்கலாம். பயிற்சிக்கு நேரத்துக்குப் போய்ச் சேர வைத்தது லொறி.

நெடுந்தீவுப் பிள்ளைக்கு அந்த லொறியும் உதவாது, நடுவில் கடல். குறிகட்டுவானுக்கு வரவே ஒரு மணித்தியாலப் படகு. அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு பஸ். பின்னேரப் பயிற்சி முடித்துத் திரும்ப நினைத்தால் படகு போயிருக்கும். ஆகவே தீவிலே பிறந்தவருக்குத் தீவிலேயே பயிற்சி இருக்கவேண்டும். துடுப்பாட்டத்துக்கும் உதைபந்தாட்டத்துக்கும் மைதானம், பதினொரு பேர், எதிரணி எல்லாம் வேண்டும். பளுதூக்கலுக்கு நாலு மீற்றர் சதுர மேடை, மேலே ஒரு கூரை, ஒரு பார், வட்டுகள், விஷயம் தெரிந்த ஒரு ஆள். சனம் குறைந்துபோன தீவுக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டு எனக்குத் தெரியவில்லை.

இலங்கைக்கும் இது புதிதல்ல. 2006 மெல்பேர்ண் பொதுநலவாய விழாவில் சிந்தன விதானகே 62 கிலோப் பிரிவில் தங்கம் வென்றார். கோல்ட் கோஸ்ட்டில், சதீஷ் ஜெயித்த அதே விழாவில், இந்திக திசாநாயக்க 69 கிலோப் பிரிவில் 297 கிலோ தூக்கி வெள்ளி வாங்கினார். தங்கம் வாங்கிய வேல்ஸ்காரர் தூக்கியது 299. 2022 பேர்மிங்ஹாமில் இசுரு குமார வெண்கலம். வடக்கிலே, சாவகச்சேரியின் ஆஷிகா விஜயபாஸ்கர் தேசிய மட்டத்தில் பதக்கங்கள் வென்றவர். அவருக்குப் பயிற்சி கொடுத்தது யார் தெரியுமா? தகப்பனார். சத்துவாச்சாரியில் நடந்ததுதான் சாவகச்சேரியிலும் நடந்திருக்கிறது.

தாய்மார் இரண்டு கேள்வி கேட்பீர்கள் என்று தெரியும். பாரம் தூக்கினால் பிள்ளை வளராமல் கட்டையாகிப் போகுமா? போகாது. முறையான கண்காணிப்போடு பழகுகிற பிள்ளைகளின் வளர்ச்சியை அது தடுக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் எதையும் மருத்துவர்கள் காணவில்லை. கட்டையான ஆட்களுக்குப் பாரைக் கொண்டுபோகவேண்டிய தூரம் குறைவு, அதனால் அவர்கள் இந்த விளையாட்டில் நிலைக்கிறார்கள், மெக்கென்சியைச் சொன்னேனே. கெடுதல் எதிலே என்றால், எடைப்பிரிவுக்குள் அடங்கவேண்டும் என்று வளருகிற பிள்ளையைப் பட்டினி போடுவதிலே. அதை எந்தப் பயிற்சியாளர் சொன்னாலும் விடாதீர்கள். இரண்டாவது, பெட்டைப் பிள்ளைக்கு இது தகுமா? பெண்களுக்கென்று 15 கிலோ பார் தனியாகவே இருக்கிறது, ஆஷிகாவும் இருக்கிறார். இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

பார் வாங்கக் காசு சேரட்டும், வெளிநாட்டிலிருக்கிற ஊர்ச்சங்கத்தைக் கேட்போம் என்று கூட்டத் தலைவர் சொன்னார். கேளுங்கள். ஆனால் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. ஆரம்ப மாதங்களில் எந்த நல்ல பயிற்சியாளரும் பிள்ளையின் கையில் இரும்பைக் கொடுக்கமாட்டார். ஒரு தடியைத்தான் கொடுப்பார். அந்தத் தடியைத் தலைக்கு மேலே பிடித்தபடி, குதிக்கால் கிளம்பாமல், நாரி வளையாமல் முழுக்கக் குந்தி எழும்பவேண்டும். சுலபம் என்று நினைக்கிறீர்கள். வாசலோடு நிற்கிறவர்களில் பாதிப் பேருக்கு முதல் நாளில் வராது.

தடி கொண்டுவந்திருக்கிறேன். தம்பிமார் நாலு பேர் செருப்பைக் கழற்றிவிட்டு முன்னுக்கு வாருங்கள், தங்கச்சிமாரும் வரலாம். இந்த மேசையைச் சுவரோடு தள்ளினால் இடம் காணும்.